பிரேக் மெத்தென்று அமுங்குகிறதா? காரை எடுக்காதீர்கள்!

கொல்லிமலைக்குச் சென்ற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

பழைய அம்பாசடர் கார். அப்பா ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா. பின் சீட்டில் பாட்டியும் இரண்டு குழந்தைகளும். அறப்பளீசுவரர் கோவிலில் சாமி கும்பிட்டாயிற்று. குழந்தைகள் ஆகாய கங்கை அருவியையும் பார்த்து விட்டார்கள். மாலை 4 மணி. இனி மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

காரவள்ளி அடிவாரம் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள்!

அப்பா காரைக் கிளப்பினார். ஒரு டீக்கடை அருகே பிரேக்கை மிதித்தார். கால் மெத்தென்று உள்ளே போயிற்று. பஞ்சு மூட்டையை மிதித்தது போல இருந்தது. மறுபடியும் மிதித்தார். இந்தத் தடவை பிடித்தது.

"ரெண்டு தரம் மிதிச்சா பிடிக்குது. மெதுவா இறங்கிடலாம்" என்றார்.

இறங்கலாமா?

கூடவே கூடாது. ஏன் என்பதைப் பார்ப்போம். கார் வைத்திருப்பவர்கள் மட்டும் அல்ல, காரில் ஏறிப் போகிற எல்லோரும் தெரிந்து கொள்ள வேண்டிய செய்தி இது.

காலும் சக்கரமும்

ஆதி காலத்துக் கார்களில் பிரேக்கை இழுக்க இரும்புக் கம்பிகள் இருந்தன. ஒரு சக்கரம் அதிகம் பிடிக்கும். இன்னொன்று குறைவாகப் பிடிக்கும். கார் ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு போகும்.

1921-ம் ஆண்டில் அமெரிக்காவில் டூசன்பர்க் என்ற கார் வந்தது. அதன் 4 சக்கரங்களுக்கும் திரவத்தால் வேலை செய்யும் பிரேக் இருந்தது. இன்று நாம் பார்க்கும் கார்களில் எல்லாம் இந்த முறைதான்.

பெடலை மிதித்தால் 'மாஸ்டர் சிலிண்டர்' என்ற குழாய்க்குள் ஒரு பிஸ்டன் நகரும். அது பிரேக் ஆயிலைத் தள்ளும். ஆயில் மெல்லிய குழாய்கள் வழியாக ஒவ்வொரு சக்கரத்துக்கும் போகும். அங்கே உள்ள 'வீல் சிலிண்டர்' விரியும். பிரேக் ஷூக்கள் டிரம்மை அழுத்திப் பிடிக்கும். சக்கரம் நிற்கும்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓர் இடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லா இடங்களுக்கும் சமமாகப் பரவும். இதைக் கண்டு சொன்னவர் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் (1623 - 1662). அவர் சொன்ன உண்மைதான் இன்று நம் குழந்தைகளின் உயிரைக் காக்கிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

மருந்துக் கடையில் இரண்டு பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் வாங்குங்கள். ஊசி வேண்டாம். இரண்டையும் ஒரு சிறு ரப்பர்க் குழாயால் இணையுங்கள். உள்ளே காற்றே இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அமுக்கினால், உடனே மற்றது வெளியே வரும்.

இப்போது உள்ளே கொஞ்சம் காற்றை விடுங்கள். மறுபடியும் அமுக்குங்கள். கைக்கு மெத்தென்று இருக்கும். மற்ற சிரிஞ்சு தாமதமாகத்தான் நகரும்.

காரணம் என்ன? தண்ணீர் சுருங்காது. காற்று சுருங்கும். நீங்கள் கொடுக்கிற பலத்தைக் காற்று விழுங்கி விடுகிறது.

பிரேக் குழாயில் காற்று புகுந்தாலும் இதே கதைதான். காலின் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது.

ஒரே வழி, நான்கு சக்கரம்

பழைய கார்கள் பலவற்றில் இன்னும் ஓர் ஆபத்து உண்டு.

பிற்காலத்து வண்டிகளில் பிரேக் ஆயிலுக்கு இரண்டு தனி வழிகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். பழைய வண்டிகளில் ஒரே வழிதான். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் போதும், நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை!

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ம் ஆண்டில் நின்று விட்டது. ஆனால் எத்தனையோ வீடுகளில் அந்தக் கார் இன்னும் ஓடுகிறது. வீட்டில் ஒரு பிள்ளையைப் போல அதை வைத்திருக்கிறார்கள். துடைக்கிறார்கள். வண்ணம் பூசுகிறார்கள். பிரேக் ஆயிலை மட்டும் பல வருடம் மாற்றுவது இல்லை.

பெடல் என்ன சொல்கிறது?

பெடல் எப்படி அமுங்குகிறது என்பதை வைத்தே கோளாறைக் கண்டு பிடிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து விடுங்கள். ஹாண்ட் பிரேக்கைப் போடுங்கள். பிறகு மிதித்துப் பாருங்கள்.

முதல் வகை: பெடல் பஞ்சு போல அமுங்குகிறது. பல தடவை மிதித்தால் கொஞ்சம் இறுகுகிறது. இது பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்ததன் அடையாளம்.

இரண்டாம் வகை: பெடல் வெகு கீழே போகிறது. ஆனால் அங்கே கல் போல நிற்கிறது. இரண்டாம் தடவை மிதித்தால் மேலேயே பிடிக்கிறது. லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடி விட்டது. பிரேக்கை 'அட்ஜஸ்ட்' செய்ய வேண்டும். லைனிங் மிகவும் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும்.

மூன்றாம் வகை: காலை ஒரே அழுத்தமாக ஒரு நிமிடம் வைத்திருக்கிறீர்கள். பெடல் மெல்ல மெல்ல இறங்கிக் கொண்டே போகிறது. இது மிகவும் கெட்டது. எங்கோ ஆயில் ஒழுகுகிறது. வெளியே ஒரு சொட்டு ஒழுக்குக் கூட இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்து விட்டது என்று கொள்ளலாம்.

நான்காம் வகை: காலையில் பெடல் நன்றாக இருந்தது. மலையில் இறங்கும்போது மட்டும் மெத்தென்று ஆகிறது. சற்று நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிறது. ஆயிலில் தண்ணீர் சேர்ந்து விட்டது என்று அர்த்தம்.

தண்ணீர் எப்படி வந்தது?

ஆயில் என்று பெயரே தவிர, பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். உப்பு மழைக்காலத்தில் நீர் விடுகிறது அல்லவா? அது போலத்தான்.

'டாட் 4' என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி சென்டிகிரேட் சூடு வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு 4 பங்குக்கும் சற்றுக் குறைவாக ஈரம் சேர்ந்தாலே, அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கி விடலாம்.

மலைப் பாதையில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் டிரம் பழுக்கக் காயும். ஈரம் சேர்ந்த ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலச் சுருங்கும். பெடல் தரை வரை போகும்.

ஆகவே, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், 2 வருடத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாற்றி விடுங்கள்.

எங்கே ஒழுகும்?

முதலில் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறதா? டப்பாவை நிரப்பி விட்டுச் சும்மா இருந்து விடாதீர்கள். அது ஏன் குறைந்தது என்று தேடுங்கள்.

ஒவ்வொரு டயரின் உட்புறத்தையும் பாருங்கள். ஈரக் கறை இருந்தால் அந்தச் சக்கரத்தின் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. இரும்புக் குழாய்களில் துரு இருக்கிறதா? ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா? ஒருவர் பெடலை மிதிக்கட்டும். மற்றவர் ஹோஸைப் பார்க்கட்டும். அது பலூன் போல உப்பினால் மாற்ற வேண்டும்.

ஆயில் பட்ட லைனிங்கைத் துடைத்துப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிது போடுங்கள்.

ஏர் எடுப்பது எப்படி?

ஒழுக்கைச் சரி செய்த பிறகுதான் ஏர் எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. முதல் தடவை ஒரு நல்ல மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

மாஸ்டர் சிலிண்டருக்கு எது தூரமோ, அந்தச் சக்கரத்தில் தொடங்குங்கள். நம் நாட்டுக் கார்களில் பெரும்பாலும் பின்புறம் இடது சக்கரம்தான் அது. வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு வரிசை இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

ஒரு பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலை ஊற்றுங்கள். உள்ளே இருப்பது தெரிகிற ஒரு குழாயை எடுங்கள். அதன் ஒரு முனையைச் சக்கரத்தின் பின்னால் உள்ள நிப்பிளில் மாட்டுங்கள். மறு முனை பாட்டிலில் உள்ள ஆயிலில் முழுகி இருக்கட்டும்.

கீழே இருப்பவர் "மிதி" என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்துவார். ஆயிலோடு காற்றுக் குமிழிகள் வரும். பெடல் இறங்கும். காலை எடுக்கக் கூடாது! நிப்பிளை இறுக்கி விட்டு, "விடு" என்று சொன்ன பிறகே காலை எடுக்க வேண்டும். முந்திக் காலை எடுத்தால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்து விடும்.

குமிழி நிற்கும் வரை இப்படிச் செய்யுங்கள். பிறகு அடுத்த சக்கரம். நடு நடுவே டப்பாவில் ஆயில் ஊற்றிக் கொண்டே இருங்கள். அது வற்றினால் மேலே இருந்து காற்று புகும். பட்ட பாடெல்லாம் வீணாகும்!

பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். மாஸ்டர் சிலிண்டரில் இதுவரை பிஸ்டன் போகாத இடத்தில் துரு இருக்கலாம். அது ரப்பரைக் கிழித்து விடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக் கட்டையை வைத்துக் கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

பிரேக் ஆயில் இல்லை என்று என்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அது ரப்பரை ஊத வைத்துக் கெடுத்து விடும். பிரேக் பாகங்களின் ரப்பரை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவாதீர்கள். வெளியே எடுத்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள். நெடுநாள் திறந்து கிடந்த டின்னை உபயோகிக்காதீர்கள். ஆயில் பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மிச்ச ஆயில் குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. அது விஷம்.

ஓடும்போது பிரேக் போனால்?

பதறாதீர்கள். என்ஜினை அணைக்காதீர்கள். பெடலை மட மடவென்று பல தடவை மிதியுங்கள். கொஞ்சமாவது பிடிக்கலாம். ஒவ்வொரு கியராகக் குறைத்துக் கொண்டே வாருங்கள். என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். ஹாண்ட் பிரேக் கம்பியால் இயங்குவது. அதற்கு ஆயில் வேண்டாம். அதைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் வண்டி சுழன்று விடும். ஹாரனை அடித்து மற்றவர்களை எச்சரியுங்கள். வேறு வழியே இல்லை என்றால், பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைச் சுவர்ப் பக்கம் வண்டியை உரசி நிறுத்துங்கள்.

மலையில் எந்தக் கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். பழைய லாரி டிரைவர்களின் பாடம் இது.

டீக்கடைப் பெரியவர்

சரி, கொல்லிமலையில் விட்டு வந்த குடும்பம் என்ன ஆயிற்று?

டீக்கடையில் ஒரு பெரியவர் உட்கார்ந்து இருந்தார். பல வருடம் லாரி ஓட்டியவர். கார் தயங்கி நின்றதைப் பார்த்து எழுந்து வந்தார்.

"தம்பி, பிரேக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க" என்றார்.

அப்பா பிடித்தார். பெடல் மெல்ல இறங்கியது. பெரியவர் பின்னால் போய்க் குனிந்தார். இடது டயரின் உட்புறத்தைத் தடவினார். விரலை நீட்டினார். வழ வழவென்று ஆயில்!

"இன்னும் நாலு வளைவு தாங்கும், தம்பி. எழுபது தாங்காது" என்றார்.

அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை.

"பெரியவர் சொல்றதைக் கேளுங்க. காரு இங்கேயே இருக்கட்டும்" என்றார் அம்மா.

அன்று அவர்கள் பஸ்சில் இறங்கினார்கள். கூட்டம் அதிகம். பாட்டிக்கு மட்டும் இடம் கிடைத்தது. மறுநாள் அப்பா மெக்கானிக்குடன் மலை ஏறினார். வீல் சிலிண்டரை மாற்றி, ஏர் எடுத்து, காரைப் பத்திரமாகக் கொண்டு வந்தார்.

ஒரு நாள் வீண். கொஞ்சம் பணச் செலவு. அவ்வளவுதான்.

நாளைக் காலையில் உங்கள் காரைக் கிளப்பும் முன், பிரேக்கை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் நின்றால் புறப்படுங்கள். இறங்கினால், நீங்கள் இறங்கி விடுங்கள்!