ஓர் இசைத்தட்டும் ஒரு கடிதமும்

பாட்டுக்கு மறுப்பாகப் பாட்டு எழுதுவதுண்டு, கட்டுரை எழுதுவதுண்டு. ஒரு நாட்டின் புலனாய்வுத் துறையே, இசைத்தட்டு வெளியிட்ட நிறுவனத்துக்கு அலுவலகத் தாளில் கண்டனக் கடிதம் எழுதியதுண்டா? உண்டு. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. துறையிலிருந்து 'பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்துக்குச் சென்ற அக்கடிதம் 1989 ஆகஸ்டு முதல் நாளிட்டது. அதற்குக் காரணமான இசைத்தட்டு, 1988-இல் வெளிவந்த 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்'. காம்ப்டனிலிருந்து நேரே வருகிறோம் என்பது தலைப்பின் கருத்து. பாடியவர்கள் என்.டபிள்யூ.ஏ. குழுவினர்.

ராப் என்பது பாட்டு என்பதைவிடத் தாளத்தோடு கூடிய பேச்சு எனலாம். இராகம் குறைவு, எதுகையும் இயைபும் சொல்வேகமுமே அதன் உயிர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 1970-களில் கறுப்பின இளைஞர்களின் கொண்டாட்டக் கூடங்களில் வளர்ந்த கலை அது. தெருவின் வன்முறையையும் சினத்தையும் பூசி மெழுகாமல் சொல்லும் கிளைக்கு 'ஹார்ட்கோர்' என்று பெயர் வந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே உள்ள காம்ப்டன் என்னும் சிறு நகரத்தை உலகறியச் செய்தது இந்த இசைத்தட்டுத்தான். பாடல் வரிகளில் பெரும்பங்கு எழுதிய ஐஸ் கியூபுக்கு அப்போது வயது 19. இசையை அமைத்தவர்களில் முதன்மையானவர் டாக்டர் டிரே. (அவர் மருத்துவரல்லர், மேடைப் பெயர் அது!) ஈஸி-ஈ, எம்.சி. ரென், டி.ஜே. யெல்லா ஆகியோர் உடனிருந்தனர்.

தட்டில் 13 பாடல்கள். இரண்டாவது பாடல்தான் புயலைக் கிளப்பியது. அதன் தலைப்பை இம்மலரில் அச்சிட இயலாது; காவல்துறையை நோக்கிய வசை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். தொல்காப்பியம் கூறும் செம்பொருள் அங்கதம், அதாவது மறைக்காமல் முகத்துக்கு நேரே வைவது, எது என்று கேட்டால் இதைக் காட்டலாம். ஆனால் அதன் அமைப்பு வெறும் வசையன்று. பாடல் ஒரு நீதிமன்றக் காட்சியாக நடக்கிறது. டிரே நீதிபதி. மற்ற மூவரும் ஒருவர்பின் ஒருவராகச் சாட்சி சொல்கின்றனர். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஒரு காவலர். இறுதியில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிறது. கூண்டில் யார் நிற்பது வழக்கம், இங்கே யார் நிற்கிறார் என்பதில்தான் பாடலின் கூர்மை இருக்கிறது.

எஃப்.பி.ஐ. அதிகாரிக்கு அந்தக் கூர்மை தெரியவில்லை. பாடல் காவலர்மீது வன்முறையையும் அவமதிப்பையும் தூண்டுகிறது என்று எழுதினார். 1988-இல் 78 காவலர்கள் பணியின்போது கொல்லப்பட்டதைச் சுட்டினார். அந்தத் துயரம் உண்மை. ஆனால் பாட்டுக்கும் அச்சாவுகளுக்கும் தொடர்பு எங்கே? இசைத்தட்டு வெளிவந்ததே அவ்வாண்டின் பிற்பகுதியில்! எஃப்.பி.ஐ.-யில் முன்பு பணியாற்றிய நாடாளுமன்ற உறுப்பினர் டான் எட்வர்ட்ஸே, அரசுத் துறைக்கு இது வேலையன்று என்று கண்டித்தார். டெட்ராய்ட் நகர நிகழ்ச்சியில் அந்தப் பாடலைத் தொடங்கியதும் காவலர்கள் மேடையை நோக்கிப் பாய்ந்தனர்.

கடிதத்தால்தான் தட்டு விற்றது என்று பலர் சொல்வர். நான் ஒப்பவில்லை. வானொலி நிலையங்கள் ஒதுக்கிய நிலையிலும், தலைப்புப் பாடலின் படத்தை எம்.டி.வி. ஒளிபரப்ப மறுத்த நிலையிலும், கடிதம் வருமுன்பே, 1989 ஜூலையில், பத்து இலட்சம் பிரதிகளுக்கான சான்றிதழ் கிடைத்துவிட்டது. கைமாறிய ஒலிநாடாக்களும் நண்பர் வாய்ச்சொல்லுமே விளம்பரம். வாங்கியோரில் பெரும்பகுதியினர் புறநகர் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் என்று வெளியீட்டாளரே சொன்னார்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் சுவையானது. 'டிரிபிள் ஜே' என்னும் அரசு சார்ந்த வானொலி அந்தக் காவல்துறைப் பாடலைச் சில மாதங்கள் ஒலிபரப்பி வந்தது. 1990-இல் நிருவாகம் தடை விதித்தது. ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அதே இசைத்தட்டில் கெட்ட சொல்லே இல்லாத 'எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்' என்னும் பாடலை ஒரு நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் போட்டனர். எண்பது தடவைக்கு மேல்! உன் கருத்தைச் சொல் என்பது அத்தலைப்பின் பொருள்.

திறனாய்வாளர் பலர் இருமனப்பட்டனர். 1969-இல் 'வின்ஸ்டன்ஸ்' குழு வாசித்த சில நொடி முரசொலியை எடுத்துத் தலைப்புப் பாடலுக்கு முதுகெலும்பாக்கிய டிரேயின் கைத்திறனை மறுக்க முடியவில்லை. சொற்களை ஏற்கவும் முடியவில்லை. 1990 மார்ச்சில் 'நியூஸ்வீக்' இதழ் ராப்பின் மனப்போக்கையே சாடியது. குழுவினர் தந்த விடை ஒன்றுதான்: "நாங்கள் தெருவின் செய்தியாளர்கள், கண்டதைச் சொல்கிறோம்."

இந்த விடை எவ்வளவு செல்லும்? காவல்துறையைப் பொறுத்தவரை முழுவதும் செல்லும் என்பேன். 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை தென்பகுதியில் 1,400-க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. பெரும்பாலோர்மீது வழக்கே இல்லை. 1991 மார்ச்சு 3 அன்று ராட்னி கிங் என்பவரைக் காவலர்கள் அடித்து நொறுக்கியதை ஒருவர் படம் பிடித்தார். அதுவரை பாட்டில் மிகைப்படுத்துகிறார்கள் என்றவர்கள் வாயடைத்தனர். 1992 ஏப்ரல் 29 அன்று அக்காவலர்களை நீதிமன்றம் கிட்டத்தட்ட எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தபோது நகரம் பற்றி எரிந்தது; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

பெண்களைப் பற்றிய பாடல்களுக்கு அதே விடை செல்லாது. அங்கே பெண் பேசுவதில்லை. சாட்சிக் கூண்டும் அவளுக்கு இல்லை. அவள் ஏசப்படுகிறாள், நகைக்கப்படுகிறாள். செய்தி என்றால் எதிர்த்தரப்பின் குரல் ஒரு வரியாவது வேண்டாமா? காவலர்முன் தாம் பட்ட இழிவை அவ்வளவு நுட்பமாகச் சொன்னவர்கள், அதே இழிவைத் தம் தெருப் பெண்கள்மேல் இறக்கி வைத்தனர். இதைக் கேட்ட பெண்கள் அன்றே முகம் சுளித்தனர். முற்போக்காளர் பலர் காவல்துறைப் பாடலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கேளாதவர்போல் கடந்தனர்.

அது பாட்டோடு நின்றுவிடவும் இல்லை. 1991 ஜனவரியில் டீ பார்ன்ஸ் என்னும் தொலைக்காட்சி நெறியாளரை டிரே ஒரு விருந்தில் தாக்கினார்; நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. 2015-இல் இக்குழுவின் கதை இதே தலைப்பில் திரைப்படமானபோது அந்நிகழ்ச்சி இடம்பெறவில்லை. படத்தின் வேகத்தில் பழைய இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் மீண்டும் ஏறி நான்காம் இடம் பிடித்தது. மறுஆண்டு குழுவினருக்கு 'ராக் அண்டு ரோல்' மண்டபத்தில் இடம் கிடைத்தது. 2017-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இசைத்தட்டைத் தன் ஒலிப்பதிவுக் கருவூலத்தில் சேர்த்தது. இப்பாராட்டுகளுக்கு முன்னரே, படம் வந்த அதே ஆகஸ்டில், விடுபட்டது என்ன என்பதைப் பார்ன்ஸ் தாமே கட்டுரையாக எழுதினார். சில நாள்களில், தாம் துன்புறுத்திய பெண்களிடம் டிரே செய்தித்தாள் வழியே மன்னிப்புக் கேட்டார்.