ஸொம்பியும் உப்பும்

தொன்மப் பிராணிகளை மீள்புனைவு செய்யும் எழுத்தாளர் பலர் அவற்றின் கொம்பையும் சிறகையும் மாற்றுவதோடு நிறைவடைகின்றனர். ஆனால் தொன்மவுருவுக்குள் ஒரு சமூக உறவு உறைந்து கிடக்கிறது. ஹெயிட்டியின் ஸொம்பியை நோக்குவோம்.

ஸொம்பி என்பது மந்திரவாதி எழுப்பி வேலைவாங்கும் பிணம். பிரெஞ்சுக் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாயிருந்த ஆபிரிக்கரின் வழிவந்தோர் அதனைக் கண்டு அஞ்சியதிலும் பார்க்க, தாம் ஸொம்பியாக்கப்படுவதற்கே அஞ்சினர். சாவும் விடுதலை தராது என்பதே அவ்வச்சம். 1804இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் அது மறையவில்லை. 1915 முதல் 1934 வரை நீடித்த அமெரிக்க ஆக்கிரமிப்பின்போது கட்டாய வீதிவேலை வந்தமை அதற்குப் புத்துயிரளித்தது எனலாம். 1932இல் வெளிவந்த 'வைற் ஸொம்பி' திரைப்படம் ஸொம்பிகள் உழைக்கும் சீனி ஆலையைக் காட்டிற்று. எனினும் அதன் கவலையெல்லாம் வெள்ளைப் பெண்ணொருத்தியைப் பற்றியதே. ஜோர்ஜ் றொமேரோவின் 1968ஆம் ஆண்டுப் படத்தில் எசமானே இல்லை. பிணங்கள் மனித ஊனைத் தின்கின்றன. அப்படத்தின் ஆற்றலை மறுப்பதற்கில்லை. ஆயினும் உழைத்தவன் அங்கு உண்பவனாகிவிட்டான்.

பிறாங்கெத்தியென் 1975இல் ஹெயிட்டியக் கிறியோல் மொழியில் எழுதிய 'டெஸாபி' நாவலில் புதிதாக ஒட்டப்பட்ட உறுப்பு எதுவுமில்லை. உப்பை உண்ட ஸொம்பிக்கு உணர்வு மீளும் என்பது பழைய நம்பிக்கை. (நம்மிடையே உப்பு இட்டவனுக்குக் கடன்படுத்துவது, அங்கோ அது கட்டறுப்பது.) எசமானின் மகள் தான் காதலிக்கும் ஸொம்பிக்கு உப்பூட்டுகிறாள், அவன் ஏனையோருக்கும் அதைப் பகிர, உயிர்ப்பிணக் கூட்டம் எசமானுக்கெதிராக எழுகிறது. டுவலியே சர்வாதிகாரத்தின் கீழ் வாழ்ந்த வாசகனுக்கு அவ்வெசமான் யாரென விளக்க வேண்டியிருக்கவில்லை.