தென்னை போடும் கையெழுத்து

வானிலிருந்து வாடல் நோயைப் படிக்கலாம். ஆனால் ஒரே மரம் வேளைக்கு ஒரு விதமாகக் கையெழுத்துப் போடுகிறது.

களியக்காவிளையைத் தாண்டி பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை போகிறவர்களுக்குத் தமிழ்நாடு முடிந்துவிட்டது என்பதைப் பெயர்ப் பலகைகள்தான் சொல்ல வேண்டும், தென்னைகள் சொல்லாது. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு, நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு என்று கோடு கிழித்தார்கள். வேர் வாடல் நோய் அந்தக் கோட்டை மதிப்பதில்லை. திருவனந்தபுரம் முதல் திருச்சூர் வரை வேரூன்றிய நோய் கன்னியாகுமரி மாவட்டத்திலும் தலைகாட்டியிருக்கிறது.

மரத்தை இது உடனே கொல்லாது. ஓலை துவளும், மஞ்சளிக்கும், ஓரம் கருகும். காய்ப்பு குறைந்துகொண்டே போகும். குணப்படுத்த மருந்து இல்லை. நோய் முற்றிய மரத்தை வெட்டுவதுதான் வழி. வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தென்னைகளை மட்டும் வைத்திருப்பவருக்கு, வெட்ட வேண்டியது எந்த மரம் என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

இந்தியத் தொலையுணர்வு ஆராய்ச்சி தொடங்கியதே இந்த நோயில்தான். 1970 வாக்கில் விஞ்ஞானி பி.ஆர். பிஷாரடியின் குழு ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புப் படச்சுருளில் கேரளத் தென்னந்தோப்புகளைப் படமெடுத்தது. நல்ல ஓலை அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற ஓலை குறைவாக. அந்தச் சுருள் பார்த்தது மூன்று அகலமான ஒளிப்பட்டைகளை. 2018 நவம்பர் 29-ல் இஸ்ரோ ஏவிய ஹைசிஸ் போன்ற ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் கருவிகள் ஒளியை நூற்றுக்கணக்கான மெல்லிய பட்டைகளாகப் பிரிக்கின்றன. பட்டைக்குப் பட்டை ஏறி இறங்கும் அளவுகள்தான் ஒரு பொருளின் கையெழுத்து.

அப்படியானால் நோயாளி உடனே சிக்கிவிட வேண்டுமே? சிக்குவதில்லை. காலை வெயிலில் ஒரு கையெழுத்து, மாலையில் இன்னொன்று. இளம் ஓலைக்கு ஒன்று, முதிர்ந்த ஓலைக்கு வேறு. மக்னீசியம் போதாத மரமும் மஞ்சளிக்கும். போதாக்குறைக்கு, ஹைசிஸ் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டர் சதுரம். ஏழரை மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பானால் அதற்குள் 16 மரங்கள் அடங்கும். எல்லைக் கிராமத்து விளைகளிலோ தென்னையோடு வாழையும் மரச்சீனியும் ஓட்டுக்கூரையும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும்.

வங்கி குமாஸ்தா செய்வதையே ஆய்வாளர்களும் செய்கிறார்கள். யாரும் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. எவ்வளவு மாறலாம் என்பது குமாஸ்தாவுக்குத் தெரியும். நல்ல மரங்களின் ஏராளமான கையெழுத்துகளைச் சேர்த்து, சராசரியையும் சிதறலையும், எந்தெந்தப் பட்டைகள் சேர்ந்தே மாறுகின்றன என்பதையும் கணக்கிடுகிறார்கள். வழக்கமான சிதறலைத் தாண்டி விலகி நிற்பதுதான் சந்தேகத்துக்குரியது.

எவ்வளவு விலகினால் சந்தேகம்? வம்பு இங்கேதான். ஒரு கணக்குக்கு 1,000 மரங்களில் 50 நோயுற்றவை என்று வைத்துக்கொள்ளலாம். கருவி நோயாளிகளில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நல்ல மரங்களில் 10 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகிக்கிறது. சிக்கும் 140 மரங்களில் 95 நல்லவை! எல்லையை இறுக்கினால் நல்ல மரம் தப்பும். கூடவே நோயாளியும் தப்பி, அக்கம்பக்கத்துக்கு நோயைப் பரப்பும்.

ஆகவே வான்படம் எந்த விளைக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றுதான் காட்டும். கோடரியை எடுக்கும் முன் யாராவது மரத்தடியில் நின்று ஓலையை அண்ணாந்து பார்த்தாக வேண்டும்.