கார்மென் முன்னிசை: வேகம், கீ, மனநிலை

கார்மென் என்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிசே இயற்றிய, நான்கு அங்கங்கள் கொண்ட ஒபேரா ஆகும். இது 1875 மார்ச் 3 அன்று பாரிசிலுள்ள ஒபேரா-கோமிக் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. அதிலிருந்து சரியாக மூன்று மாதங்களில், ஜூன் 3 அன்று, பிசே தம் 36ஆம் வயதில் இறந்தார். திரை விலகுவதற்கு முன் ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் வாசிக்கும் தொடக்கப் பகுதியே முன்னிசை (பிரெலூட்) எனப்படுகிறது. முழு ஒபேரா ஒலிப்பதிவுகளில் இது ஏறத்தாழ மூன்றரை நிமிடம் நீள்கிறது.

இன்றைய இசைச் செயலிகளும் தரவுத்தளங்களும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஒரு வேகம், ஒரு கீ, ஒரு மனநிலை என்று குறித்து வைக்கின்றன. வேகம் (டெம்போ) என்பது ஒரு நிமிடத்தில் விழும் தட்டுகளின் எண்ணிக்கை. கீ என்பது இசை எந்தச் சுரத்தை ஆதாரமாகக் கொண்டு, மேஜர், மைனர் ஆகிய சுர அமைப்புகளுள் எதில் செல்கிறது என்பதைச் சொல்வது. இந்த முறையில் கார்மென் முன்னிசையை ஒரே வரியில் எழுதினால் "116, ஏ மேஜர், மகிழ்ச்சி" என்று வரும். முதல் இரண்டு நிமிடங்களுக்கு இது பொருந்தும். மீதிக்கு அறவே பொருந்தாது. நாடகத்தின் முடிவை முன்கூட்டியே சொல்வதோ அந்த மீதிப் பகுதிதான்.

இரு பகுதிகள்

முதற்பகுதிக்கு பிசே இட்ட குறிப்பு "அலெக்ரோ ஜியோகோசோ". விரைவாக, விளையாட்டுத்தனமான களிப்போடு என்பது இதன் பொருள். தாளம் 2/4, மெட்ரோனோம் எண் 116. சிம்பல், முக்கோண மணி, பித்தளைக் குழல்கள் எல்லாம் சேர்ந்து ஏ மேஜரில் முழங்கும் இந்த மெட்டு, நான்காம் அங்கத்தில் காளைப்போர் வீரர்கள் ஊர்வலமாக அரங்குக்குள் நுழையும்போது மீண்டும் வருகிறது. நடுவில் இசை எஃப் மேஜருக்கு இறங்கி, எஸ்கமில்லோ பாடும் புகழ்பெற்ற டொரெயடோர் பாடலின் பல்லவியை முதலில் மெதுவாகவும் பின் உரக்கவும் ஒலிக்கிறது. பிறகு ஏ மேஜருக்குத் திரும்பி, முடிந்துவிட்டது போல நிற்கிறது. மேடைக் கச்சேரிகளில் கைதட்டல் விழும் இடம் இதுவே.

ஆனால் முன்னிசை அங்கே முடிவதில்லை. சிறு அமைதிக்குப் பின் வயலின்கள் நடுங்கத் தொடங்குகின்றன. கீ டி மைனர் ஆகிறது, தாளம் 3/4, குறிப்பு "அந்தாந்தே மொதெராத்தோ", மெட்ரோனோம் எண் 58, அதாவது முன்னதில் சரிபாதி. செல்லோ, கிளாரினெட், ட்ரம்பெட் முதலியவை சேர்ந்து ஐந்து சுரங்கள் கொண்ட ஒரு துணுக்கை வாசிக்கின்றன: டி, சி ஷார்ப், பி ஃபிளாட், சி ஷார்ப், ஏ. இதை "விதி" மெட்டு என்பர். இதற்குள்ளிருக்கும் பி ஃபிளாட் – சி ஷார்ப் என்ற அகன்ற இடைவெளிதான் காதை உறுத்துகிறது. கர்நாடக இசை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. டி என்பதை சட்ஜமாகக் கொண்டால், மாயாமாளவகௌளையில் சுத்த தைவதத்துக்கும் காகலி நிஷாதத்துக்கும் இடையே உள்ள தூரம் இதுவே. துணுக்கு திரும்பத் திரும்ப வந்து உயர்ந்து, தீராத ஒரு ஒத்திசைவில் பலமாக அறுபட்டு நிற்கிறது. உடனே திரை விலகி, செவிய்யா நகரச் சதுக்கத்தில் வெயில் காயும் சிப்பாய்கள் தெரிகிறார்கள்.

இதே துணுக்கு கார்மென் முதன்முதலாக மேடைக்கு வரும்போது வேகமாக ஒலிக்கிறது. சுர அமைப்பு அதேதான். ஆனால் அங்கே கேட்பவருக்குச் சாவு நினைவுக்கு வராது. துடுக்கும் சீண்டலும்தான் தோன்றும். மனநிலையை உருவாக்குவதில் வேகத்தின் பங்கு எவ்வளவு என்பதை மாணவர்கள் உணர இதைவிட எளிய சான்று கிடைப்பது கடினம்.

ஒலிப்பதிவுகளில்

பிசேயின் மறைவுக்குப் பின் தொகுக்கப்பட்ட முதலாம் கார்மென் சூட்டில் இந்த இரு பகுதிகளும் பிரிக்கப்பட்டுவிட்டன. டி மைனர் பகுதி "பிரெலூட்" என்ற பெயரில் தொடக்கத்தில் வருகிறது. ஏ மேஜர் பகுதி "லே டொரெயடோர்" என்ற பெயரில் கடைசிக்குப் போய்விட்டது. ஆகவே ஒரே பெயரில் தேடும் இருவருக்கு, நேர் எதிரான மனநிலை கொண்ட இரு ஒலிப்பதிவுகள் கிடைக்கக்கூடும். கச்சேரிக்கு இந்தப் பிரிவு வசதியானதுதான். ஆனால் களிப்பு சட்டென அறுபடும் அந்தக் கணம் அதில் இல்லை. முன்னிசையை அறிய விரும்புவோர் முழு ஒபேரா ஒலிப்பதிவையே கேட்பது நல்லது.

நடத்துநர்கள் 116 என்ற எண்ணை அப்படியே பின்பற்றுவதில்லை. விக்டோரியா தெ லோஸ் ஆங்கிலெஸ் பாடிய பதிவில் தாமஸ் பீச்சம் துள்ளலாக ஓட்டுகிறார். மரிலின் ஹோர்ன் பாடிய 1972ஆம் ஆண்டுப் பதிவில் லெனர்டு பெர்ன்ஸ்டைன் எடுத்த மெதுவான வேகங்கள் இன்றும் விவாதிக்கப்படுகின்றன. கணினி தரும் எண்களிலும் கவனம் வேண்டும். மெதுவான இசையின் வேகத்தை இரட்டித்துக் காட்டுவது இத்தகைய மென்பொருள்களின் வழக்கமான பிழை. இங்கே 58 இரட்டித்தால் 116 ஆகிவிடும்; இரு பகுதிகளுக்கும் ஒரே வேகம் என்று பட்டியல் சொல்லும்!

பழைய இசைத்தட்டுகளில் சிக்கல் வேறு வகையானது. எம்மி டெஸ்டின் கார்மெனாகப் பாடிய ஜெர்மன் மொழிப் பதிவு 1908இல் வெளிவந்தது. அக்காலத் தட்டுகள் எல்லாம் ஒரே சுழல்வேகத்தில் பதியப்படவில்லை. தட்டு ஏறத்தாழ 6 விழுக்காடு வேகமாகச் சுழன்றால் சுருதி அரைச் சுரம் ஏறும். ஏ மேஜர் பி ஃபிளாட் மேஜராகக் கேட்கும். 116 என்பது 123 ஆகும். பழைய தட்டுகளை மீட்டெடுப்போருக்கு அச்சிட்ட இசைப்பிரதியின் கீ ஓர் அளவுகோலாக உதவுகிறது. பிரான்சில் 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஏ சுரத்தை நொடிக்கு 435 அதிர்வுகள் என்று வரையறுத்திருந்தது. இன்றைய பொது அளவு 440. எனவே 1875இல் பாரிசு மக்கள் கேட்ட ஏ மேஜர் நமதைவிட மிகச் சிறிதளவு தாழ்ந்தது.

ஒபேராவின் கடைசிக் காட்சியில் முன்னிசையின் இரு பக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அரங்குக்குள்ளிருந்து கூட்டம் டொரெயடோர் பல்லவியைப் பாட, வெளியே ஜோசே கார்மெனைக் குத்திக் கொல்கிறான். விதி மெட்டும் முழங்குகிறது. அவள் உடலருகே அவன் மண்டியிட்டிருக்க, ஆர்க்கெஸ்ட்ரா எஃப் ஷார்ப் மேஜரில் முடிக்கிறது. மகிழ்ச்சிக்குரியது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் அதே மேஜரில்.