பைஸ்டிஸ்: அரிஸ்டாட்டிலின் தாய்
ஸ்தாகிரா, வடகிழக்குக் கிரீஸ். கி.மு. 4ஆம் நூற்றாண்டு

அரிஸ்டாட்டில் கி.மு. 384இல் இந்தக் கடலோர ஊரில் பிறந்தார். தந்தை நிக்கோமாக்கஸ், மாசிடோனிய மன்னர் மூன்றாம் அமிந்தாஸின் மருத்துவர். மகனுக்கு உயிரினங்கள் மீது இருந்த ஈடுபாட்டுக்கு இந்த மருத்துவக் குடும்பமே காரணம் என்று பலர் எழுதிவிட்டார்கள். தாய் பைஸ்டிஸுக்கோ ஒரு வரிக்கு மேல் யாரும் ஒதுக்குவதில்லை.

அவருடைய பூர்வீகம் தெற்கே யூபோயா தீவிலுள்ள கால்கிஸ். அங்கிருந்து ஸ்தாகிராவில் வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர் என்கிறது பழைய மரபு. பெற்றோர் இருவரும் இறந்தபின் அரிஸ்டாட்டிலை வளர்த்தவர் புரோக்செனஸ் என்ற உறவினர் என்பார்கள். 17 வயதில் அரிஸ்டாட்டில் ஏதென்ஸுக்குப் படிக்கப் போனார்.

அம்மா வீட்டுச் சொத்து கடைசியில்தான் கைகொடுத்தது. கி.மு. 323இல் மாசிடோனிய மன்னர் அலெக்சாந்தர் இறந்ததும் ஏதென்ஸில் மாசிடோனிய எதிர்ப்பு மூண்டது. மாசிடோனியத் தொடர்புள்ள அரிஸ்டாட்டில் மீது தெய்வ நிந்தனைக் குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கால்கிஸுக்குப் போய் அந்த வீட்டில் தங்கினார். மறு ஆண்டு அங்கேயே இறந்தார்.

பழங்கால எழுத்தாளர் டயோஜெனிஸ் லேர்ட்டியஸ் எடுத்தெழுதி வைத்திருப்பதால் அரிஸ்டாட்டிலின் உயில் நமக்குக் கிடைத்திருக்கிறது. தத்துவம் பேசாத, முழுக்க வீட்டுக் கணக்கான உயில் அது. தாயின் சிலையை நெமியாவிலோ வேறு தகுந்த இடத்திலோ டெமிட்டர் தெய்வத்துக்குக் காணிக்கையாக நிறுவச் சொல்கிறார். துணைவி ஹெர்பில்லிஸ் கால்கிஸில் வாழ விரும்பினால் தோட்டத்தை ஒட்டிய விருந்தினர் இல்லம். ஸ்தாகிராவில் என்றால் தந்தையின் வீடு. எதுவானாலும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.