கடன் வாங்கிய பேய்

மாணவர்களே, இரத்தம் குடிக்கும் பேய் பிராம் ஸ்டோக்கரின் சொந்தக் கற்பனையன்று. அவருடைய 'டிராகுலா' நாவல் 1897இல் வெளிவருமுன்பே, 1819இல் போலிடோரியும் 1872இல் லெ ஃபானுவும் அத்தகைய பேயைக் கதையாக்கியிருந்தனர். அவர்களுக்கும் முன்னர் அது கிழக்கு ஐரோப்பிய நாட்டுப்புற நம்பிக்கைகளில் உலவியது. ஆதலின் அக்கருத்து எவருக்கும் தனியுடைமையன்று. ஸ்டோக்கர் அதனை எடுத்தாண்டதில் பிழையில்லை.

1922இல் ஜெர்மனியில் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' என்னும் ஊமைப்படத்தின் நிலை வேறு. அது நாவலின் கதைப்போக்கையே எடுத்துக்கொண்டு பெயர்களை மாற்றியது. டிராகுலா ஓர்லோக் ஆனான். (உங்கள் கட்டுரை ஏடுகளிலும் பெயர் மட்டும் மாறிய கதைகளை நான் கண்டதுண்டு!) இசைவு பெறாமையால் ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுத்தார், படச்சுருள்களை அழிக்குமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. தப்பிய படிகளால்தான் இன்று அப்படத்தைக் காண முடிகிறது.

ஆயினும் அதில் ஒரு புதுமை உண்டு. நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். அவன் ஆற்றல் மட்டுமே குன்றும். படத்திலோ, காலைக் கதிரொளி பட்டதும் பேய் மறைந்தொழிகிறது. பிற்காலக் கதைகள் பலவற்றில் இவ்வியல்பே இடம்பெற்றது.

இனி, வேதாளத்தை உங்கள் கதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முருங்கை மரத்திற்கு மாறாக, அது உங்கள் குடியிருப்பின் மின்தூக்கியில் தொங்கட்டும். அது யாரிடம், என்ன வினவும்?