கடலட்டைக் கெப்சூலும் நமது கொடுக்கல் வாங்கலும்

எமது கிருலப்பனைக் கடைக்கு வந்த சகோதரர் ஒருவர், "நானா, கடலட்டைக் கெப்சூல் புற்றுநோயைச் சுகமாக்குமாமே, எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டார். நல்ல இலாபம் வரும் சாமான்தான். ஆனாலும் மறுத்துவிட்டேன்.

வாசகர்களே, விடயம் இதுதான். நமது உடற்கலங்களின் மேற்பரப்பில் சீனிச் சங்கிலிகள் உள்ளன. கலம் புற்றாக மாறும்போது அவையும் மாறுகின்றன. குறிப்பிட்ட சீனியை மட்டும் பற்றிப்பிடிக்கும் புரதமே லெக்டின். ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒருவகைக் கடலட்டையிலிருந்து லெக்டின்களைப் பிரித்தெடுத்துள்ளனர். அவ்வாறான கடல் லெக்டின்களால் புற்றுக்கலங்களை இனங்காணும் முயற்சி இன்னும் ஆய்வுகூடத்திலேயே நிற்கிறது.

நாம் அன்றாடம் சமைக்கும் மைசூர் பருப்பின் லெக்டினோ வைத்தியத்துக்கு வந்துவிட்டது. ஈரல் புற்றுநோய் அபாயத்தைக் கணிக்கும் இரத்தப் பரிசோதனையொன்றில் அது பயன்படுகிறது. அமெரிக்கா 2005இல் அதற்கு அனுமதி வழங்கியது. அதற்காகப் பருப்புக் கறி சாப்பிட்டு எவருக்கும் புற்றுநோய் சுகமானதில்லை. கண்டுபிடிப்பது வேறு, குணப்படுத்துவது வேறு.

கற்பிட்டியிலும் மன்னாரிலும் பிடிபடும் கடலட்டை அவித்து உலர்த்தப்பட்டு, உணவாக ஹொங்கொங், சிங்கப்பூர் போகிறது. வியாபாரத்துக்கு அது போதும். மருந்தென்று பெயர் சூட்ட வேண்டியதில்லை.

அந்தச் சகோதரர் கழுத்துக் கட்டியைக் காட்டினார். "நாலு மாசமாச்சு நானா" என்றார். மறுநாள் காலை எங்கள் சந்தியில் 138ஆம் இலக்க பஸ் ஏறி, மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு அவரோடு நானும் போனேன்.